ஒரு நாளைக்கு 333 ரூபாய்

(கோவையில் வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேயருக்கும் கவுன்சிலருக்கும் சம்பளம் என்று பேச்செடுத்தால் கோயமுத்தூரில் எல்லோரும் முதலில் கேட்பது, "அவங்களுக்கு அது வேறயாங்க?" என்பதுதான். கேட்பவர் சும்மா கேட்கவில்லை. வீடு கட்ட வாசலில் ஒரு லோடு மணல் இறக்கிய அன்றே யாரோ வந்து விசாரித்துவிட்டுப் போன அனுபவத்தில் கேட்கிறார். அந்தக் கோபத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கணக்குப் பார்க்காமல் பேசினால் கொங்கு நாட்டில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

2023 ஜூலை முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு மாத மதிப்பூதியம் தரப்படுகிறது. மாநகராட்சி மேயருக்கு 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000. நகராட்சியில் தலைவருக்கு 15,000, துணைத் தலைவருக்கு 10,000, உறுப்பினருக்கு 5,000. பேரூராட்சியில் அதுவே 10,000, 5,000, 2,500 என்று இறங்குகிறது. அதற்கு முன்னால் மாதச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. மன்றக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால் அமர்வுப்படியாகச் சில நூறு ரூபாய், அவ்வளவுதான். மேயருக்கு வண்டி உண்டு, அங்கி உண்டு, கழுத்தில் சங்கிலி உண்டு. முதல் தேதி வந்தால் மளிகைக் கடைப் பாக்கிக்குக் கொடுக்க மட்டும் ஒன்றும் இருக்காது.

கவுன்சிலரின் 10,000 ரூபாயை 30 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 333 ரூபாய் வரும். நூறு நாள் வேலைக்கு 2025-26-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். கோயமுத்தூர் மாதிரி ஒரு நகரத்தில் பதினாறாயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவரின் நாள் கூலி, கிராமத்தில் குளம் தூர்வாரும் அம்மாவின் கூலியைவிட மூன்று ரூபாய் குறைவு. அந்த அம்மாவின் கூலி அதிகம் என்று நான் சொல்லவில்லை; அதுவும் போதாது. பேரூராட்சி உறுப்பினருக்கு இதே கணக்கில் 83 ரூபாய் விழுகிறது.

மேயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசில் இளநிலை உதவியாளராகச் சேரும் ஒரு பெண்ணுக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. 2025 தொடக்கத்துக்கான அகவிலைப்படி 55 சதவீதத்தைச் சேர்த்தால் 30,225. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி முதல் மாதச் சம்பளம் வாங்கும் அந்தப் பெண்ணும், மாநகரின் முதல் குடிமகன் என்று நாம் அழைக்கும் மேயரும் ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் வாங்குகிறார்கள். உதவியாளருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊதிய உயர்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி என்று ஏறிக்கொண்டே போகும். மேயரின் 30,000 அப்படியே நிற்கும்.

சட்டமன்ற உறுப்பினருக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 2017 ஜூலையில் ஒரே அறிவிப்பில் அவர்களின் மாத ஊதியமும் படிகளும் சேர்ந்து 55,000-லிருந்து 1,05,000 ஆனது. டெல்லியில் தமிழ்நாட்டு விவசாயிகள் போராட்டம் நடத்திய அதே ஆண்டு அது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். 2018-இல் சம்பளத்தை ஒரு லட்சமாக்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டோடு தானாகவே ஏறும்படி சட்டம் செய்துகொண்டார்கள். 2025 மார்ச்சில் அது 1,24,000 என்று அறிவிக்கப்பட்டபோது, 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்தார்கள்.

தங்கள் ஊதியத்தைத் தாங்களே முடிவு செய்யும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கும் 195-ஆவது பிரிவு சட்டமன்றத்துக்கும் கொடுத்திருக்கின்றன. மாநகராட்சி மாமன்றத்துக்கு அப்படி எதுவும் இல்லை. கோட்டையிலிருந்து உத்தரவு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

இனி ஊர்க் கணக்கு. கோவை மாநகராட்சியில் 100 வார்டு. மேயர் ஒருவர், துணை மேயர் ஒருவர், மற்றவர்கள் 98 பேர். மாதம் 10 லட்சத்து 25 ஆயிரம். ஆண்டுக்கு 1 கோடியே 23 லட்சம். மாநகராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டம் மூவாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. மூவாயிரம் கோடி என்றே வைத்துக்கொண்டாலும், ஆயிரம் ரூபாயில் 41 காசுதான் மக்கள் பிரதிநிதிகள் அத்தனை பேருக்கும் சேர்த்துப் போகிறது. நகரத்தின் மக்கள்தொகையைப் பதினாறு லட்சம் என்று கொண்டால் தலைக்கு ஆண்டுக்கு எட்டு ரூபாய்கூட ஆகவில்லை. காந்திபுரத்தில் ஒரு டீயின் விலை அதைவிட அதிகம்.

"காசு கம்மின்னா நல்லதுதானுங்களே, சேவை மனசு இருக்கறவங்க மட்டும் வருவாங்க" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊர் வரலாறே அதற்குச் சாட்சி சொல்வது போலவும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கோயமுத்தூர் நகராட்சி ஆனது 1866-இல். முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். காப்பி வணிகர், பின்னால் பஞ்சாலை முதலாளி. ஆர்.கே. சண்முகம் செட்டியார் இந்த நகராட்சியில் துணைத் தலைவராக இருந்து, பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் ஆனார். அவருடையது ஆலைக் குடும்பம். ஆர்.எஸ். புரத்துக்குப் பெயர் கொடுத்த சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்து சிறுவாணித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். நூறு ஆண்டை நெருங்கும் அந்தத் தண்ணீரைத்தான் நாம் இன்றும் ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இவர்கள் யாரும் பதவிக்காகச் சம்பளம் எதிர்பார்த்தவர்கள் இல்லை.

கொஞ்சம் தள்ளிப் போனால் இன்னும் பெரிய பெயர்கள் வருகின்றன. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர் ராஜாஜி. ஏறக்குறைய அதே காலத்தில் ஈரோடு நகராட்சியின் சேர்மன் பெரியார். பின்னாளில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரும் அன்று பக்கத்துப் பக்கத்து ஊர்களின் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஈரோட்டுக்குக் குடிநீர்த் திட்டம் பெரியார் காலத்தில் வந்தது. 1919-இல் பெரியார் அந்தப் பதவியையும் கையிலிருந்த மற்ற கௌரவப் பதவிகளையும் உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார்.

இவர்களின் நேர்மையையோ உழைப்பையோ யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு தரம் படியுங்கள். காப்பி வணிகர், ஆலைக் குடும்பம், சேலத்தில் நன்றாக ஓடிய வக்கீல் தொழில், ஈரோட்டில் பெரிய மண்டி. காலையில் நகராட்சிக்குப் போனால் மாலையில் வீட்டில் அடுப்பு எரியுமா என்று கவலைப்பட வேண்டியவர் ஒருவர்கூட இல்லை. அன்றைய நகராட்சித் தேர்தலில் வரி கட்டியவருக்குத்தான் வாக்கு. ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்த்தவரும், தேர்முட்டியில் கூடை சுமந்தவரும் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சம்பளம் வாங்காத சேவை அன்று சாத்தியமானதற்குக் காரணம், சேவை செய்யும் வாய்ப்பே சம்பளம் தேவைப்படாதவர்களுக்கு மட்டும் இருந்ததுதான்.

உள்ளாட்சி பற்றிப் பேசுகிற எவரும் உத்தரமேரூர் கல்வெட்டைத் தொடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை, நானும் தொட்டுவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் சேர்க்கக் கூடாது என்ற பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நிலமும் வீடும் கேட்ட வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

உலகத்தில் மக்கள் பிரதிநிதிக்குச் சம்பளம் வேண்டும் என்று சத்தம் போட்டுக் கேட்டவர்கள் தொழிலாளர்கள். 1838-இல் இங்கிலாந்தில் சாசன இயக்கத்தார் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்பது. நெசவாளியும் சுரங்கத் தொழிலாளியும் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் சொன்னால் மட்டும் போதாது, ஜெயித்த பிறகு அவன் குடும்பம் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது நடக்க 1911 வரை ஆயிற்று. ஆண்டுக்கு 400 பவுன். எழுபது ஆண்டுக்கு மேல் இழுத்தடித்தவர்கள் சொன்ன காரணமும், இன்று நம் ஊரில் சொல்கிற அதே சேவை மனசுதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போவது என்று தெரியாமல் உதவிப் பொறியாளரின் போன் நம்பரைத் தேடி அலைந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். கவுன்சிலர் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டோம்.

2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டப்படி மாநிலத்தின் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு. கோவையும் அதில் ஒன்று. மார்ச் 4-இல் ஏ. கல்பனா மேயர் ஆனார். கோவையின் முதல் பெண் மேயர். கணவர் இ-சேவை மையம் நடத்துகிறார், குடியிருப்பது வாடகை வீடு என்று பத்திரிகைகள் எழுதின. எளிய குடும்பத்துப் பெண் மேயர் ஆனார் என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன். ஆனால் மதிப்பூதியம் வந்தது 2023 ஜூலையில். அப்படியென்றால் முதல் பதினாறு மாதம் மாதச் சம்பளம் இல்லாத பதவி அது. வாடகை வீட்டில் இருப்பவரை மூவாயிரம் கோடி புழங்கும் மாநகராட்சிக்குத் தலைமை தாங்கச் சொல்லிவிட்டு, வாடகையை எப்படிக் கொடுப்பீர்கள் என்று நாம் யாரும் கேட்கவில்லை. எளிமையைப் பாராட்டிக் கட்டுரை எழுதியதோடு நம் கடமை முடிந்துவிட்டது. 2024 ஜூலையில் அவர் பதவி விலகினார், ஆகஸ்டில் ஆர். ரங்கநாயகி மேயர் ஆனார். அந்த அரசியல் இங்கே நமக்கு வேண்டாம்.

கவுன்சிலரின் மாதம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் 10,000-த்தின் மதிப்பு புரியும். காலை ஆறரைக்குப் போன் வரும். "ஏனுங்க, தண்ணி இன்னிக்கும் வரலீங்க." வால்வு திறப்பவரைத் தேட வேண்டும். அடுத்தது குப்பை வண்டி, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, 24 மணி நேரக் குடிநீர் என்று தோண்டிப்போட்டுப் போன ரோடு. பத்து மணிக்கு மண்டல அலுவலகம். நடுவில் ஒரு எழவு வீடு: ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொல்ல வேண்டும், மின்மயானத்தில் நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும், மாலையோடு போய் நிற்க வேண்டும். இதெல்லாம் அவர் வேலையா என்று கேட்டால், சட்டத்தில் இல்லை. போகாவிட்டால் அடுத்த தேர்தலில் தெரியும்.

அப்புறம் மொய். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தை, ஆவணி முகூர்த்த மாதங்களில் வார்டுக்குள் எத்தனை கல்யாணம், எத்தனை சீர், எத்தனை காதுகுத்து! மாரியம்மன் கோயில் நோம்பிக்கு நன்கொடை ரசீது முதலில் வருவது கவுன்சிலர் வீட்டுக்குத்தான். விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு, பள்ளி ஆண்டு விழாவுக்குக் கேடயம், கும்பாபிஷேகத்துக்கு ஒருநாள் அன்னதானம். ஐநூறு ரூபாய் மொய் எழுதினால், "கவுன்சிலரு ஐநூறுதான் வெச்சாரு" என்று பந்தியிலேயே பேச்சு வரும். ஒரு முகூர்த்த நாளில் நாலைந்து கல்யாணம் இருந்தால் மாத மதிப்பூதியத்தில் கால் பங்கு அன்றைக்கே காலி. நாம் அவருக்கு ஒரு கையால் கொடுக்கும் பத்தாயிரத்தை மறு கையால் வாங்கிக்கொள்கிறோம். அதுவும் போதாமல் மேலும் கேட்கிறோம்.

தேர்தல் செலவு தனி. கோவை மாநகராட்சி வார்டில் போட்டியிட்டவருக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு உச்சவரம்பு 85,000 ரூபாய். அதற்குள் முடித்தேன் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. 2022 தேர்தல் சமயத்தில் வாக்காளர்களுக்கு ஹாட் பாக்ஸ், கொலுசு கொடுத்தார்கள் என்று எழுந்த குற்றச்சாட்டுகளும் அதற்காக நடந்த போராட்டமும் உங்களுக்கு நினைவிருக்கும். சட்டப்படி 85,000-தான் செலவு என்றாலும், மதிப்பூதியத்தில் எட்டரை மாதம் அதை அடைக்கவே போய்விடும். லட்சக்கணக்கில் போட்டவர் எதை வைத்து அடைப்பார்?

இங்கேதான் முதலில் சொன்ன கோபத்துக்கு வருகிறேன். மணல் இறக்கினால் வருகிறார்கள், குடிநீர் இணைப்புக் கேட்டால் கை நீட்டுகிறார்கள், ஒப்பந்தக்காரரிடம் சதவீதம் பேசுகிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் அப்படி ஒருவரையாவது பார்க்காத வார்டுக்காரர் இந்தக் கூட்டத்தில் குறைவாகத்தான் இருப்பார். சம்பளத்தைக் கூட்டினால் இது நின்றுவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்பவரை நம்பவும் நம்பாதீர்கள். ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கும் பதவிகளில் ஊழல் ஒழிந்துவிட்டதா என்ன? பேராசைக்குச் சம்பளம் மருந்தாகாது.

நான் சொல்வது வேறு. சம்பளம் யாரைத் தடுக்கும் என்று பார்க்காதீர்கள், யாரை உள்ளே விடும் என்று பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் ஒரு பெண்ணுக்கு ஊர்ப் பிரச்சினை எல்லாம் அத்துப்படி. மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழக்கம். நாலு பேர் முன்னால் நின்று பேசவும் தெரியும். அவர் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஷிப்டை விட்டால் அந்த வாரச் சம்பளம் போச்சு. பத்தாயிரத்தை நம்பி அவர் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. அதனால் அந்த இடத்தில் யார் நிற்பார்? கட்சிப் பிரமுகர் ஒருவரின் மனைவி. ஜெயித்த பிறகு மன்றத்துக்கு அந்த அம்மா வருவார், மண்டல அலுவலகத்துக்குக் கணவர் வருவார். வார்டில் எல்லோரும் அவரைத்தான் "கவுன்சிலரே" என்று கூப்பிடுவார்கள். இட ஒதுக்கீடு வாசலைத் திறந்துவிட்டது. உள்ளே வர வண்டிச் சத்தம் யார் கொடுப்பது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

கம்யூனிஸ்ட் கட்சிகள் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. பிரதிநிதி வாங்கும் ஊதியம் கட்சிக்குப் போகும், முழுநேர ஊழியர் என்ற முறையில் கட்சி அவருக்கு அலவன்ஸ் கொடுக்கும். ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் ஒரு கட்சியின் கட்டுப்பாட்டை நம்பி ஒரு மாநிலத்தின் உள்ளாட்சியை நடத்த முடியாது.

சரி, அப்படியானால் மாமன்றமே கூடித் தன் சம்பளத்தைத் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது, நடந்த கதை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை அப்போது முப்பத்தையாயிரம் சொச்சம். நம் சூலூரைவிடக் கொஞ்சம் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். உழைத்துப் பிழைக்கும் ஏழைக் குடியேறிகள் நிறைந்த ஊர். 2005-இல் அங்கே ஒரு சிறப்பு வாக்கெடுப்பு நடந்தது. நகரத்துக்குச் சொந்தச் சாசனம் வேண்டுமா என்று கேட்டார்கள். வாக்களித்தவர்கள் நானூறு பேர்கூட இல்லை. சாசனம் வந்ததும், கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பு அந்த ஊரைக் கட்டுப்படுத்தாமல் போனது. 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை நோண்டியபோது நகர மேலாளர் ஆண்டுக்கு எட்டு லட்சம் டாலரைத் தொடும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். பகுதிநேரக் கவுன்சிலர்கள் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அளவுக்கு. எப்படி வாங்கினார்கள் தெரியுமா? இந்த வாரியம், அந்த ஆணையம் என்று பல குழுக்களில் உறுப்பினராக இருந்தார்கள். குழு சில நிமிடம் கூடும், சில நேரம் கூடவே கூடாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் படி உண்டு. ஒரே ஒரு கவுன்சிலர் மட்டும் மற்றவர்கள் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட வாங்காமல் இருந்தார். கடைசியில் மேலாளருக்கும் முன்னாள் கவுன்சிலர்களுக்கும் நீதிமன்றத் தண்டனை கிடைத்தது. பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்தக் கதையில் நான் பார்ப்பது இரண்டு. தன் சம்பளத்தைத் தானே எழுதிக்கொள்ளும் பேனாவை யார் கையிலும் கொடுக்கக் கூடாது, அது சட்டமன்றம் ஆனாலும் சரி. இரண்டாவது, கூட்டத்துக்கு இவ்வளவு என்று படி வைப்பது மேல்பார்வைக்கு நியாயமாகத் தெரியும். உண்மையில் கூட்டங்களைப் பெருக்கும். நம் பழைய அமர்வுப்படியில் அந்த அளவுக்குத் திருட ஒன்றும் இல்லை என்பதால்தான் யாரும் திருடவில்லை.

அதே அமெரிக்காவில் நல்ல பாடமும் இருக்கிறது. அவர்களின் அரசமைப்புச் சட்டத்தின் 27-ஆவது திருத்தம், நாடாளுமன்ற உறுப்பினர் சம்பள உயர்வு அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடப்புக்கு வர வேண்டும் என்கிறது. 1789-இல் முன்மொழியப்பட்டு 1992-இல்தான் அது சட்டமானது. இருநூறு ஆண்டு காத்திருந்தாலும் யோசனை பழசாகவில்லை. உயர்த்துகிறாயா, உயர்த்து; ஆனால் அதை வாங்கப்போவது நீயா இன்னொருவரா என்பதை மக்கள் முடிவு செய்யட்டும். இங்கிலாந்தில் கவுன்சில்கள் படித்தொகையை மாற்றும் முன் வெளியாட்கள் அடங்கிய சுயேச்சைக் குழு ஒன்றின் பரிந்துரையைக் கேட்டாக வேண்டும். பரிந்துரையை ஏற்காமலும் போகலாம். ஆனால் அது பகிரங்கமாக வெளியாகிவிடும் என்பதால், மீறுபவர் ஊரார் முன் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

நமக்குப் புதிதாக ஒரு அமைப்பும் வேண்டாம். கையிலேயே ஒன்று இருக்கிறது. 1993-இல் நடப்புக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின்படி, மாநில நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிகளின் வரவு, செலவு, பங்கீடு எல்லாவற்றையும் ஆராய்ந்து பரிந்துரை கொடுக்கிறது. மேயர், கவுன்சிலர் ஊதியத்தையும் அதன் வேலையில் சேர்க்கட்டும். பரிந்துரை சட்டமன்றத்தின் முன் வைக்கப்படட்டும். அடுத்த மன்றத்துக்கு மட்டும் அது செல்லட்டும். முதலமைச்சர் பெரிய மனதோடு அறிவித்தார், அமைச்சருக்கு நன்றி சொல்லி மன்றத்தில் தீர்மானம் போட்டோம் என்ற கதையெல்லாம் அதோடு முடிந்துவிடும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் தன் ஊதியத்துக்காகக் கோட்டைக்கு நன்றி சொல்லும் நிலை இருக்கும்வரை, ஊருக்காகக் கோட்டையிடம் அவர் எதைக் கேட்டு வாதாடுவார்?

எவ்வளவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன், மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு ஒரு இளநிலை உதவியாளரின் தொடக்க ஊதியமும் அகவிலைப்படியும். 2025 தொடக்கத்துக் கணக்கில் சுமார் 30,000. மேயருக்கு அதில் இரண்டு மடங்கு, துணை மேயருக்கு ஒன்றரை மடங்கு. அகவிலைப்படி ஏறினால் இதுவும் ஏறும். யார் தயவும் வேண்டாம். கோவைக்கு இதனால் ஆகும் மொத்தச் செலவு மாதம் 31 லட்சத்துக்குள், ஆண்டுக்கு மூன்றே முக்கால் கோடிக்குள். ஆயிரம் ரூபாயில் இப்போது போகும் 41 காசு ஒன்றேகால் ரூபாய் ஆகும். நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் இதே அளவை விகிதப்படி குறைத்துக்கொள்ளலாம். வரி வருமானம் குறைந்த பேரூராட்சிகளுக்கு மாநில அரசு மானியமாகக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கேட்டவுடன் கையை விரித்துவிடுவார்கள்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது சாதாரண வாதம் இல்லை. 2022 அக்டோபரில் இதே கோவையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த கூலியைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டப்படி சேர வேண்டிய கூலிக்கே சாக்கடை அள்ளுபவர் தெருவில் உட்கார வேண்டியிருக்கும் ஊரில், கவுன்சிலர் சம்பளத்தை எந்த முகத்தோடு கூட்டுவது? நியாயமான கேள்வி. நான் வைக்கும் வரிசை இது: முதலில் அவர்கள் கூலி, அதற்குப் பிறகு இவர்கள் ஊதியம். ஒப்பந்தப் பணியாளருக்கு உரிய கூலியை நிலுவையில்லாமல் கொடுக்காத மாநகராட்சியில் மன்றத்தாரின் ஊதிய உயர்வு நடப்புக்கு வரக் கூடாது என்று விதியே எழுதலாம். அப்படி எழுதினால், தூய்மைப் பணியாளரின் கூலிப் பிரச்சினை மன்றக் கூட்டத்தில் எவ்வளவு சுறுசுறுப்பாக எழும் என்று பாருங்கள்!

ஊதியம் கொடுத்தால் கணக்குக் கேட்கும் உரிமையும் வருகிறது. இன்று கவுன்சிலர் கூட்டத்துக்கு வராவிட்டால், "பத்தாயிரத்துக்கு இதுவே அதிகம்" என்று அவரே சொல்லிவிடலாம். நியாயமான ஊதியம் வாங்கினால் அந்தச் சாக்கு எடுபடாது. மன்றக் கூட்ட வருகைப் பதிவையும், கணவன் மனைவி இருவரின் சொத்து விவரத்தையும் ஆண்டுதோறும் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இணையதளத்தில் மட்டும் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். சுவரில் ஒட்டினால் டீக்கடைக்கு வருகிறவர் அத்தனை பேரும் படிப்பார்கள். மண்டல அலுவலகத்தில் கவுன்சிலருக்குப் பதிலாக வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசினால் அந்த மாத ஊதியம் கிடையாது என்றும் வையுங்கள். கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஊதியம் யாருக்கு என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது.

இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. ஊதியத்தை மாற்றுவதென்றால் அதற்கு முன்னால் அறிவிக்க வேண்டும். அறிவித்தால்தான் இன்று மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண், மனுத்தாக்கல் செய்யலாமா என்று யோசிக்கவே தொடங்குவார். அரசு அறிவிக்குமா, தெரியாது. ஆனால் உங்களால் ஒன்று முடியும். தேர்தல் வந்ததும் உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருவார்கள். தண்ணீர், சாக்கடை, ரோடு பற்றி எப்போதும் கேட்பதைக் கேளுங்கள். அதோடு, "உங்க வருமானம் என்னங்க? ஜெயிச்சு வந்தா அஞ்சு வருசம் குடும்பத்த எப்படிங்க நடத்துவீங்க?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்பவர் கல்யாணத்துக்கு வந்து ஐம்பது ரூபாய் மொய் வைத்தால், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.